வட்டத்துக்குள் ஒரு கோடு

கிளாக்ஸ்விக் துறைமுகம், நவம்பர், இரவு பதினொன்றரை.
காற்று கதவைத் தட்டுகிறது,
திறந்தால் ஆளில்லை, மழைதான்.
மேசைமேல் கணினி சாம்பல் திரையோடு
உம்மென்று உட்கார்ந்திருக்கிறது.
அதன் வயிற்றுக்குள்தான்
குளிர்காலப் படகு நேர அட்டவணை:
ஆறு தீவுகள், பதினேழு பக்கம்.
காலை ஏழுக்கு அச்சகத்தில் இருந்தாக வேண்டும்.

சின்னக் கோப்புறை ஒன்று,
அதன் நெஞ்சில் கேள்விக்குறி,
விட்டு விட்டு மின்னுகிறது.
அணைத்தேன். போட்டேன். அணைத்தேன்.
வயர்களைப் பிடுங்கிச் செருகினேன்.
கூடுதல் நினைவகச் சில்லைக் கழற்றிச்
சட்டைப் பையில் போட்டேன்
(அடுத்த வாரம் அது சட்டையோடு துவைபட்டது, வேறு கதை).

கணினியோடு வந்த வட்டு
கோடையிலேயே அட்டைப்பெட்டியோடு குப்பைக்குப் போயிருக்க வேண்டும்.
இந்த ஊரில் இதே இனத்துக் கணினி
இன்னொன்று ஹானுஸிடம்தான்.
என் அக்கா ரன்வாவின் முன்னாள் கணவன்.
மேய்ச்சல் பங்கில் நாலு செம்மறி குறைந்த நாளிலிருந்து
ஆறு வருடமாகப் பேச்சில்லை.
கடையில் எதிர்ப்பட்டால்
இருவரும் உருளைக்கிழங்கை ஆராய்வோம்.

போன் செய்தேன்.
"ம்" என்றான்.
அரை மணியில் வந்தான்,
மழைக்கோட்டுக்குள் ஒரு வட்டு,
ரொட்டி உறையில் சுற்றி.

'சி' விசையை விடாமல் அழுத்திப் பிடித்தேன்.
வட்டு விர்ரென்று சுழன்றது,
இருமியது, நின்றது.
கேள்விக்குறி போய்விட்டது.
அந்த இடத்தில் ஒரு வட்டம்,
குறுக்கே ஒரு கோடு.

"இது தேவலாமா, மோசமா?"
"கேள்விக்குறின்னா யாரையும் காணோம்னு அர்த்தம்.
இது, ஆள் வந்திருக்கு,
ஆனா நீ வேண்டாங்குது."
சொல்லிவிட்டு அவன் என்னைப் பார்க்கவில்லை.
நானும் விசைப்பலகையில் இருந்த
ரொட்டித் துணுக்கை ஊதிக்கொண்டிருந்தேன்.

வட்டுக்கு வயது மூன்று.
கணினி போன வருடம் பிறந்தது.
தான் பிறக்குமுன் எழுதிய சாசனத்துக்கு
இது கட்டுப்படாதாம்.
வட்டின்மேலும் குற்றமில்லை,
இப்படியொன்று பிறக்கும் என்று
அதற்கு யார் சொல்லியிருப்பார்கள்?
ஆனாலும் ஐந்து முறை முயன்றோம்.
ஆறாவது முறை வட்டு வெளியே வரவே மறுத்தது.
"சுட்டியை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே போடு" என்றான்.
துப்பியது.

மணி இரண்டு.
காப்பி வைத்தேன்.
காய்ந்த ஆட்டிறைச்சி அறுத்துத் தட்டில் வைத்தேன்.
எந்த ஆடு என்று அவன் கேட்கவில்லை.

சொல்லாமல் எழுந்து போனான்.
போய்விட்டான் என்றே நினைத்தேன்.
திரும்பியபோது கைவண்டியில்
தார்ப்பாய் போர்த்திய அவனுடைய கணினி,
தோளில் பாம்பு மாதிரி ஒரே ஒரு கேபிள்.
இரண்டையும் இணைத்தான்.
'டி' விசையைப் பிடிக்கச் சொன்னான்.
"எழுப்ப வேணாம். தூங்கட்டும்.
தூக்கத்துலயே எடுத்துக்கலாம்."

என் திரை நீலமானது.
மூன்று கிளை விட்ட மஞ்சள் குறியொன்று
மூலைக்கு மூலை மிதந்தது,
கயிறு அறுந்த தோணி.
அவன் திரையில் என் வட்டியக்கி
என் பெயரோடு வந்து நின்றது.
திறந்தான்.
என் கோப்புகள் எல்லாம் வரிசையாக,
அந்நியன் திரையில், கூச்சமில்லாமல்.
வரிகள். புகைப்படங்கள். படகு அட்டவணை.
அதற்கு மேலே,
'ஹானுஸ் செம்மறி வழக்கு'.

அம்புக்குறி அங்கே நின்றது.
எவ்வளவு நேரம் என்று தெரியாது,
மழை ஒருமுறை நின்று மறுபடி பிடித்தது.
பிறகு ஒரு வரி கீழே இறங்கியது.

"அட்டவணை இதுதானே?"
"அதுதான்."
"பதினேழு பக்கமா?"
"பதினேழு."

நகல் ஓடி முடிய நாலு நிமிடம்.
நாலே கால் மணிக்கு
தார்ப்பாயைப் போர்த்தி வண்டியைத் தள்ளிப் போனான்.
மேட்டில் சக்கரம் கிறீச்சிட்டது
நெடுநேரம் கேட்டது.

ஏழுக்கு அச்சகம். எட்டுக்கு முதல் படகு.
ஒன்பதாம் பக்கத்தில் ஒரு நேரம் தப்பு,
அதைச் சொல்லி இதுவரை மூன்று பேர் திட்டிவிட்டார்கள்.

வட்டு இங்கேயே கிடக்கிறது, ரொட்டி உறையில்.
போன் செய்து சொல்ல வேண்டும்.
இன்று சொல்லலாம் என்று
காலையிலிருந்து
இருக்கிறேன்.