விசிறியை நிறுத்திவிட்டு

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு நிறுக்கும் முன்
மின்விசிறியை நிறுத்துவோம்.
ஜன்னலைச் சாத்துவோம்.
சித்திரை வெயிலில் முதுகு ஒழுகினாலும்
தராசின் எண்கள் அடங்கும்வரை
பேச்சு கிடையாது,
தும்மல் வந்தால் வெளியே போய்விடவேண்டும்.
பதினோரு வருஷமாக இது என் வேலை.

இவ்வளவு தெரிந்தவனுக்கு
சனிக்கிழமை ராத்திரி ஏற்காட்டில்
காப்பிக் குடோன் மாடியில்
போக்கர் மேஜைக்கு முன்னால்
ஏன் எல்லாம் மறந்துபோகிறது?

சட்டைப்பையில் இரண்டாயிரம், அதற்குமேல் இல்லை.
பெட்ரோல் காசு ஷூவுக்குள்.
கார்டு பட்டறை லாக்கரில்.
ஒழுக்கம் என்று பெரிதாகச் சொல்ல
என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

போன வாரம் என் கையில் இரண்டு ஏஸ்.
மேஜையில் ஒன்பது, நாலு, ராஜா, இரண்டு.
சேர்வராயன் கவிழ்த்துவிட்டான்,
ரெஜினால்டும் கவிழ்த்துவிட்டான்.
மாதையன் மட்டும்
ஒரு ஜோடி ஏழை வைத்துக்கொண்டு
மிளகு லோடு விற்ற காசைத் தள்ளிக்கொண்டே இருந்தான்.
மீதி நாற்பத்து நாலு சீட்டில்
அவனைக் காப்பாற்ற இரண்டே இரண்டு.

வந்தது ஏழு.
ஏழரைக்கு அரைதான் குறைச்சல்.

"மனசு சொல்லுச்சுப்பா" என்றான் மாதையன்.
அவன் மனசு சொன்னதற்கு
நான் ஆயிரத்து நூறு கொடுத்தேன்.

எனக்குக் கோபம் முகத்தில் வராது,
காதில் வரும்.
மடல் இரண்டும் பணியாரச் சட்டி மாதிரி சுடும்.
பிலோமினா அதைப் பார்த்துவிட்டாள்.
மலை ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி நர்ஸ்;
ஜெயித்தாலும் தோற்றாலும்
நாடி பிடித்து வாட்ச் பார்க்கிற அதே முகம்.
ஆறுதல் சொல்லவில்லை.
கமலா ஆரஞ்சு ஒன்றை உரித்து முடித்தாள்,
அடுத்த ஆட்டத்தில்
நேராக என்மேல் இருநூறு ஏற்றினாள்.
அதையும் கொடுத்தேன்.

காது சுட்டால் மூன்று ஆட்டம் உட்காரவேண்டும்
என்பது நானே போட்ட சட்டம்.
உட்கார்ந்தேன்.
முதல் கை குப்பை, இரண்டாவதும் குப்பை.
மூன்றாவதில் ஒரு ராணி, ஒரு ஜாக்கி.
கவிழ்த்தேன்.
மேஜையில் விரிந்தது:
ராணி, ராணி, ஜாக்கி.

தோற்றதுகூடப் பரவாயில்லை.
சரியாக நடந்துகொண்டதற்கு
யாராவது இப்படிச் செருப்பால் அடிப்பார்களா?
கையிரண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.
அந்தப் பானையை ரெஜினால்டு
வெறும் ஒன்பதை வைத்துத் தூக்கிக்கொண்டு போனான்.

பதினொன்றரைக்கு எழுந்தேன்.
"அதுக்குள்ளயா?" என்றார்கள்.
வெளியே பனி,
சில்வர் ஓக் உச்சி எதுவும் தெரியவில்லை.

இருபது வளைவு.
ஏறின கியரிலேயே இறங்கவேண்டும் என்பார்கள்;
இரண்டாவதில் போட்டு பிரேக்கைத் தொடாமல் வந்தேன்.
பதினாலாவது வளைவில் பைக்கை நிறுத்தினேன்.
கீழே சேலம்
யாரோ கொட்டிவிட்டுப் பொறுக்காமல் போன சில்லறை.
திரும்பிப் போய் மாதையனை ஒரே ஒரு கை.
சத்தியமாகச் சொல்கிறேன்,
கார்டு மட்டும் பையில் இருந்திருந்தால்
வண்டி மேலேதான் போயிருக்கும்.
என்னைத் தடுத்தது என் புத்தியில்லை.
பட்டறை லாக்கர்.

இந்த வாரம் முதல்
குரங்குக் குல்லா போட்டு விளையாடுகிறேன்.
குளிருக்கு என்று மூன்று பேர் நம்புகிறார்கள்.
பிலோமினா இப்போது
என் கழுத்தைப் பார்க்கிறாள்.

திங்கட்கிழமை பட்டறையில்
புதுப் பையன் சுவிட்சை அணைத்த கையோடு
தட்டில் கொலுசை வைக்கப்போனான்.
"இருடா" என்றேன்.
மேலே இறக்கை மூன்றும்
கரண்டே இல்லாமல்
இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன.