கவுண்டர் 4

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
பழைய கம்ப்யூட்டர் கடையில்
ஆறாயிரத்து ஐந்நூறு சொன்னான்,
ஐயாயிரத்து எழுநூறுக்குத் தந்தான்.
ஏதோ வங்கிக்காரர்கள் மொத்தமாகக் கழித்துவிட்டவை.
என்னுடையதன் நெற்றியில்
'கவுண்டர் 4, நகைக்கடன்' என்றொரு ஒட்டுத்தாள்
பாதி கிழிந்தும் விடாமல் இருந்தது.
எத்தனை பேர் தாலியின் எடையைக்
கணக்கில் ஏற்றியதோ.

"சோத்துப் பாத்திரமாக்கும்?" என்றாள் எப்சிபா.
கம்ப்யூட்டர் என்றேன்.
"மிச்சம் எங்க?"

மிச்சம் கிடையாது, அவ்வளவுதான் அது.
திக்கணங்கோட்டில் அன்று முழுக்க மழை,
வேலைக்குப் போகவில்லை.
மூடியைக் கழற்றி
ஏசிக்கு அடிக்கும் புளோயரையே இதற்கும் அடித்தேன்;
பறந்தது வங்கியின் தூசி,
கூடவே ஒரு ஸ்டேப்ளர் பின்.
விசிறி இருமலை நிறுத்தியது.
டிவியின் முதுகில் இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டினேன்,
ஒரே ஒரு வயர்,
மடியில் வயரில்லாத கீபோர்டு.

மகன் எட்டிப் பார்த்தான்.
"இதெல்லாம் போன்லயே வருமேப்பா"
என்றுவிட்டுப் போனுக்குள் போய்விட்டான்.

வரும்தான்.
சலாலாவில் பதினோரு வருஷம்
ஆறுபேர் அறையில், மேல்கட்டிலில்
போர்வைக்குள் உள்ளங்கை அகலப் படம் பார்த்தவன் நான்.
எனக்குத் திரை மட்டும் போதாது,
திரைக்கும் எனக்கும் நடுவே தூரம் வேண்டும்.
சோபாவை ஒன்பது அடி தள்ளிப் போட்டேன்,
டேப் வைத்து அளந்து.

எல்லாம் சரி, ஒன்றைத் தவிர.
அங்கிருந்து தூக்கிவந்த ப்ளூடூத் ஸ்பீக்கரில்
சத்தம் பிந்தி வந்தது.
படத்தில் ஒருவன் அறைகிறான்,
வாங்கியவன் கன்னத்தைத் தடவ ஆரம்பித்த பிறகு
பளார்.
அழுகிறவள் வாயை மூடிய பிறகு அழுகை.
டிரைவரை மாற்றினேன், ஸ்பீக்கரை அணைத்துப் போட்டேன்,
கெட்டவார்த்தையும் ஒன்று சொன்னேன்.
அது மட்டும் சரியான நேரத்துக்கு வந்தது.

எப்சிபா மீன்கழுவிய கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு
பக்கத்தில் உட்கார்ந்தாள்.
"இஞ்ச தாருங்க.
எந்த பட்டன்?"
காட்டினேன். ஒரு தட்டுக்கு ஐம்பது மில்லி செகண்ட்.
அவள் எண்ணைப் பார்க்கவில்லை,
நடிகையின் உதட்டைப் பார்த்தாள்.
தட்டினாள். தட்டினாள்.
நிறுத்தி, தலையைச் சாய்த்து,
இன்னும் ஒன்று.
ஏழாவது தட்டில்
"இன்னா, சேந்துட்டு" என்றாள்.

சேர்ந்துதான் இருந்தது.
உதடும் சொல்லும், பாதமும் கொலுசும்,
மழையில் ஓடும் ஒரு பஸ்ஸும் அதன் ஹாரனும்.

எப்படிக் கண்டுபிடித்தாய் என்றேன்.
"பதினோரு வருஷம் உங்க கூட வீடியோ கால் பேசினவளாக்கும்.
நீங்க சிரிச்சு முடிச்ச பொறவுதானே
எனக்குச் சிரிப்பு வந்து சேரும்.
காய்ச்சல் இல்லைன்னு நீங்க சொல்லதுக்கு முந்தியே
காய்ச்சல்னு வாய் சொல்லிப்போடும்."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அறுவடை போல ஏதோ காட்சி.

பாதிப் படத்தில் கரண்ட் போனது.
டிரான்ஸ்பார்மர் பக்கமிருந்து ரசல்ராஜ் யாரையோ கூப்பிட்டான்,
ரப்பர் இலைகளில் மழை பெரிதாகக் கேட்டது.
இருட்டுக்குள் அவள் கேட்டாள்:
"சாப்பிடுவமா?"

நான் வழக்கம்போலக் காத்தேன்.
அவள் இன்னும் ஏதாவது சொல்கிறாளா,
என் சொல் கிளம்பி அவள் சொல்லோடு
நடுவழியில் முட்டுமா என்று.
வந்து இரண்டு வருஷமாகியும்
இந்தப் பழக்கம் போகவில்லை.

"நெட்வொர்க் இப்பம் நல்லாத்தான் இருக்கு.
பதில் சொல்லுங்க."

சிரித்துவிட்டு,
என்ன கறி என்று நான் வாயெடுக்கும்போதே
சாளைப் புளிமுளம் என்றாள்.
கேள்வியும் பதிலும்
ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன.