ஹீட்டரை அணைக்காமல்

பிக்கப் மாற்ற வேண்டும் என்றேன்.
வண்டிக்கா, என்றாள் அக்கா போனில்.
விருதுநகரில் அந்தச் சொல்லுக்கு ஒரே நோய்தான்:
மேட்டில் திணறும் டிவிஎஸ்.
கிதாருக்கு.
அது எந்த மேட்டுல ஏறணும்?

முனிர்காவில் மூன்றாம் மாடி.
கை நீட்டினால் எதிர்வீட்டுக் கொடிக்கயிறு.
எட்டுக் குடித்தனத்தின் மீட்டர்களும்
என் சுவருக்கு வெளியேதான்,
ஒயரோடு ஒயர் பின்னி.

ஐஸாலுக்குத் திரும்பிப்போன லால்ரின்பூயி
ஐயாயிரத்து ஐந்நூறுக்கு விட்டுச்சென்ற கிதார்.
ஆம்ப்பில் செருகினால் போதும்,
நான் தொடுமுன்பே ஆரம்பித்துவிடும்.
ம்ம்ம்ம்ம் என்று
விடை தெரியாத பிள்ளை இழுப்பதைப்போல.

அந்த இரைச்சலுக்குத் திசை உண்டு.
கதவைப் பார்த்தால் கூடும்.
மடியில் கிதாரோடு
இம்மி இம்மியாக ஜன்னல் பக்கம் திரும்பினால்
ஓரிடத்தில் அநேகமாக அடங்கும்.
அங்கே நாற்காலி போட்டேன்.
மூன்று குளிர்காலத்தில் தரையில் நான்கு வடு.

ஹீட்டர் ஓடினால் எந்தத் திசையும் உதவாது.
அணைத்துவிட்டு
விரல்நுனி வெட்டிய கையுறையில் வாசித்தேன்.
ஜனவரியில் எஃப் கார்டு பிடிக்கும்போது
என் சுண்டுவிரல் எங்கிருக்கிறதென்று
கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன்.

லாஜ்பத் ராய் மார்க்கெட்டில்
சால்டரிங் அயர்ன் இருநூற்று எண்பது.
பிக்கப் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.
மூன்று மாற்ற வேண்டும், ஒன்றுக்குத்தான் காசு.
எந்தக் கிதாருக்கு என்று கேட்டார் குல்ஷன்.
சொன்னேன்.
நோட்டை எண்ணிக்கொண்டே புருவத்தைத் தூக்கினார்.
சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.
இதை இந்தியில் சொல்லத் தெரியாமல்
சிரித்துவைத்தேன்.

பதினோரு திருகாணி. எவர்சில்வர் டம்ளரில் போட்டேன்.
வெள்ளைத் தகட்டைத் தூக்கினால் உள்ளே
ஒட்டுப்பலகை, அடுக்கடுக்காக.
பெட்டியின்மேல் அச்சடித்திருந்தது வேறு மரம்.
பள்ளத்தின் மூலையில் பென்சிலால் 46.
பக்கத்தில் வார்னிஷ் காயுமுன் பதிந்த
ஒரு பெருவிரல் ரேகை.
என் பெருவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன்.
என்னுடையதைவிடச் சின்னது.

புதியதற்குள் இரண்டு சுருள்,
ஒன்றன்மேல் ஒன்று, எதிரெதிராகச் சுற்றியவை.
சுவரின் முனகலை ஒன்று கூட்டும், மற்றது கழிக்கும்.
தந்தி அதிர்ந்தால் மட்டும்
இரண்டும் ஒரே கட்சி.
எல்லாம் சரி, பள்ளத்தில் இறங்கவில்லை.
காய் நறுக்கும் கத்தியால்
அரைமணி நேரம் ஆழம் சுரண்டினேன்.
கீழ்வீட்டு பப்லி படியேறி வந்து
எலியா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

ஈயம் உருகி, புகை கண்ணில் ஏறி,
மூடித் திருகி, செருகி, மீட்டினால்
ஒன்றுமில்லை.
பழைய முனகல்கூட இல்லை.
போக வேண்டிய கம்பியை எர்த்தில் பற்றவைத்திருக்கிறேன்.
மறுபடி பதினோரு திருகாணி.
டம்ளரில் பத்துதான் இருந்தது.

இரண்டாம் முறை, மூடுமுன்
ஸ்க்ரூடிரைவர் நுனியால் காந்தத்தைத் தட்டினேன்.
டொக், என்றது ஆம்ப்.
எனக்குக் கொஞ்சம் கை நடுங்கியது.

இப்போது ஹீட்டர் ஓடுகிறது.
முழங்கால் சுடச்சுட வாசிக்கிறேன்.
ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே
இவ்வளவு இடம் இருந்தது தெரியாது.
மூன்றாம் தந்தியை நான் எப்போதும்
அரைகுறையாகத்தான் அழுத்தியிருக்கிறேன்.
அதுவும் தெரியாது.
முனகல் மூன்று வருடம் மூடிவைத்த மானம்.

ஏறுதா, என்று அக்கா செய்தி அனுப்பியிருக்கிறாள்.

மற்ற இரண்டும் பழையவைதான்.
சுவிட்சை அந்தப் பக்கம் தள்ளினால்
மீட்டர்கள், ஹீட்டர், பப்லியின் மிக்ஸி, மொத்தச் சந்தும்
ம்ம்ம்ம்ம் என்று உள்ளே வரும்.
தினம் ஒரு தடவை தள்ளிப் பார்க்கிறேன்.
எந்தப் பக்கம் பார்த்தும் உட்காரலாம் இனி.
நாற்காலி அதே நான்கு வடுவில் கிடக்கிறது.
நகர்த்த வேண்டும்.