பதினோரு மாசம்

பாங்க்கில் கேட்டார்கள்:
ஆறு வீடு வாடகைக்கு விட்டிருக்கறதுக்கு
அத்தாட்சி ஏதாச்சும் இருக்குதுங்களாம்மா?

நோட்டைக் காட்டினேன்.
நாற்பது பக்க நோட்டு, அட்டை போய்விட்டது.
மூன்றாம் நம்பர், கரண்டு பாக்கி இருநூற்றுப் பத்து.
ஐந்தாம் நம்பர், சனிக்கிழமை தருவதாகச் சொன்னான்.
எந்தச் சனிக்கிழமை என்று எழுதவில்லை.
மேனேஜர் ஒரு பக்கம் புரட்டினார்.
இதெல்லாம் செல்லாதுங்க என்று
இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்,
அழ ஆரம்பித்த அடுத்த வீட்டுப் பிள்ளையைத் தருவதுபோல.

பத்தொன்பது வருசம் ஓவர்லாக் ஓட்டி,
சீட்டு எடுத்து, கொடியை இரண்டு முறை அடகு வைத்து
பிச்சம்பாளையத்தில் மூன்றே கால் சென்ட்.
இந்தப் பக்கம் மூன்று வீடு, அந்தப் பக்கம் மூன்று வீடு,
நடுவே சைக்கிளை இறங்கித் தள்ளுகிற சந்து.
கக்கூஸ் இரண்டு. செப்டிக் டேங்க் ஒன்று.
அதுதான் மாசம் ஒருக்கா நிறைகிறது.
அதைப் பெரிசாக்கத்தான் லோன்.

வாடகையை ஏத்துங்க என்றார் கொழுந்தனார்.
முந்நூறு ஏற்றினால் ஆறு வீட்டுக்கு ஆயிரத்து எட்டுநூறு.
ஒரு வீடு இரண்டு மாசம் பூட்டிக் கிடந்தால்
ஏழாயிரம் போச்சு.
பூட்டு வாடகை தராது,
பாங்க் மாசத் தவணையைத் தள்ளி வைக்காது.

ஜெராக்ஸ் கடையில் அக்ரிமென்ட் அச்சடித்தே வைத்திருந்தான்,
பேருக்கு மட்டும் புள்ளி வைத்து இடம் விட்டு.
பதினோரு மாசம்னு போடுங்கக்கா,
அதுக்கு எச்சுன்னா ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அலையோணும்.

ஞாயிற்றுக்கிழமை சந்துக்குள் போனேன்.
வாடகை கேட்கப் போகாத முதல் ஞாயிறு.
ஒடிசாப் பையன் ரஞ்சன் நாயக்
பல் தேய்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.
தாளில் இருந்த எழுத்து அவனுக்குத் தெரியாது.
அவன் போட்ட எழுத்து எனக்குத் தெரியாது.

நான்காம் நம்பர் முத்துப்பேச்சி, தேனிப் பக்கம்.
கம்பெனியில் செக்கிங்.
துணியில் ஓட்டை பார்க்கிற அதே விரலை
வரிவரியாக வைத்துப் படித்தாள்.
குக்கர் மூன்று விசில் அடித்தது, எழவில்லை.

எங்களுக்குப் பதினாலு கண்டிசன் போட்டிருக்கு.
உங்களுக்கு ஒண்ணுகூட இல்லையேக்கா?
போர் வத்துனா லாரித் தண்ணி யாரு காசு?
காலி பண்ணுனா அட்வான்ஸ் எத்தனை நாள்ல வரும்?

ஏனுங்கம்மிணி, இத்தனை நாள் நான் தராமயா இருந்தேன்?

தந்தீங்க.
நாளைக்கு உங்க மகன்ல வருவாரு.

எனக்குப் பதில் வரவில்லை.
வீட்டுக்கு இருபதாயிரம்,
ஆறு அட்வான்ஸும் ஒரு லட்சத்து இருபதாயிரம்.
அது பாங்க்கில் இல்லை. பீரோவில் இல்லை.
தரையில் டைல்ஸாகக் கிடந்தது,
அவள் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தாள்.

பேனாவை வாங்கி அடியில் எழுதினேன்:
பதினைந்து. அட்வான்ஸ் முப்பது நாளில்.
பதினாறு. லாரித் தண்ணி ஆளுக்குப் பாதி.
பாதியாக்கா?
பாதிதான்.
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.
பிறகு முழுப் பேரையும் எழுதினாள், அப்பன் பேரோடு.

பொழுதோட மூன்று பேர் தாளோடு வந்தார்கள்,
அவர்களுக்கும் அந்த இரண்டு வரி வேண்டுமாம்.
ரஞ்சனுக்கு யாரோ செல்போனில் படித்துச் சொல்லியிருக்கிறார்கள்.
ஐந்தாம் நம்பர் வரவில்லை,
அவனிடம் சனிக்கிழமை பாக்கி இருக்கிறது.

அன்று ராத்திரி நோட்டில்
ஆறு பேருக்கும் அப்புறம் ஒரு பக்கம் திருப்பி
என் பேரைப் போட்டேன்: ரங்கநாயகி.
பாக்கி, ஒரு லட்சத்து இருபதாயிரம்.

லோனுக்கு, பார்க்கலாம் என்றிருக்கிறார்கள்.
டேங்க் நிறைய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.
விருந்தாளி யாரும் வராமல் இருந்தால்.