நடுங்குவது எது

தூ-அஷூ கணவாயின் சுரங்கத்தைவிட்டு
வெளியே வந்ததும் சாலை வடக்கே சரியும்.
கீழே காரா-பால்தா,
அதற்கும் கீழே சாயங்காலம்.
பின்னால் மூன்று பேர்,
இரண்டு கேன் புளித்த குதிரைப்பால்,
காலைக் கட்டிப்போட்ட ஒரு கிடா.
முதல் வளைவில் பிரேக்கை மிதித்தேன்.
ஸ்டீயரிங் என் இரு கைகளையும் பிடித்து
உலுக்கியது.

"உங்க கை நடுங்குதே, ஜூரா" என்றாள்
பக்கத்து இருக்கையில் சைக்கால்,
சனிக்கிழமைதோறும் ஊருக்கு இறங்கும் டீச்சர்.

ஆமாம் என்றே நானும் நினைத்திருந்தேன்.
பிப்ரவரியில், இதே சுரங்கத்துக்குள்,
எதிரே வந்த நிலக்கரி லாரி
என் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டு போனது.
மட்டும்.
அன்றிலிருந்து கரண்டி நடுங்கும், சாவி நடுங்கும்,
தேநீர்க் கிண்ணத்தின் விளிம்பு பல்லில் தட்டும்.
வண்டி நடுங்கினால்
அதுவும் நான்தான் என்று இருந்துவிட்டேன்.

இருந்தாலும் டிஸ்க்கை இரண்டு முறை மாற்றியாயிற்று.
ஆடு விற்று ஒரு தடவை, கடன் வாங்கி ஒரு தடவை.
புதிது போட்டால் இரண்டு மாதம் சாதுவாக ஓடும்.
பிறகு தொண்ணூறில் மிதித்தால் ஒரு முணுமுணுப்பு,
எழுபதில் ஒரு முரண்டு,
பாதத்தின் அடியில்
பிரேக்குக்கு நாடி துடிக்கும்.
"சூட்டுல டிஸ்க் கோணிக்கிச்சு" என்றான் சந்தையில் விற்றவன்.
"பொம்பளைங்க பிரேக்கைவிட்டுக் காலை எடுக்க மாட்டீங்க."
மூன்றாவதை எடுத்து மேசையில் வைத்தான்.
நான் வாங்கவில்லை.
காசு இல்லை, அவ்வளவுதான் காரணம்.

வால்டெமார் எதுவும் சொல்லவில்லை.
சொந்தக்காரர்கள் எல்லாரும் ஜெர்மனிக்குக் கிளம்பியபோது
ஷெட்டைப் பூட்ட மனமில்லாமல் நின்றுவிட்டவன்;
பேச்சைப் பெட்டியில் கட்டி அவர்களோடு அனுப்பிவிட்டான்போல.
சக்கரத்தைக் கழற்றினான்.
டிஸ்க்கின் முகத்தில்
நேரம் காட்டாத ஒரு கடிகாரத்தை நிறுத்தி,
மெல்லச் சுற்றினான்.
முள் போனது. வந்தது.
"பதினாலு."
மில்லிமீட்டரை நூறாக நறுக்கி அதில் பதினாலு.
"அஞ்சுவரைக்கும் பொறுக்கும்."
அஞ்சு என்றால் என் மகளின் தலைமுடி ஒன்று.

பிறகு டிஸ்க்கை உருவி எடுத்தான்.
அதைப் பார்க்கக்கூட இல்லை, சுவரோரம் சாய்த்தான்.
அது உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டினான்:
சக்கரக் குடத்தின் முகம் முழுக்கத் துரு,
ஒரு பக்கம் மட்டும் செதில் செதிலாக,
கணவாயில் கொட்டும் உப்பு தின்றது.
மூன்று டிஸ்க்கையும் அதன்மேல்தான் ஏற்றியிருக்கிறோம்.
ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் கட்டையை உரச,
உரசி உரசி அந்த இடம் மட்டும் மெலிய,
மெலிந்த இடம் வரும்போதெல்லாம் ஒரு உலுக்கல்.
இருக்கை கோணல்.
உட்கார்ந்தவர்களைத்தான்
ஒவ்வொருவராகக் குப்பையில் எறிந்தோம்.

கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான்.
இரும்பு தன் நிறத்துக்கு வரும்வரை தேய்த்தான்.
டிஸ்க்கைக் கடைசலில் ஒரு தோல் சீவினான்.
நட்டுகளை வரிசையாக முடுக்கவில்லை:
ஒன்று, அதற்கு எதிரே ஒன்று,
கையை எடுக்காமல் நட்சத்திரம் வரைகிற பிள்ளையைப்போல.
ஸ்பேனர் 'க்ளிக்' என்றதும் நிறுத்தினான்.
எனக்கென்றால் இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருப்பேன்.

வாங்கியது ஒரு டிஸ்க்கின் விலையில் பாதிகூட இல்லை.
புறப்படும்போது ஒரே ஒரு வாக்கியம்:
"சூடா நிக்கும்போது பிரேக்கை மிதிச்சே வெச்சிருக்காதே."
அவன் பேசியதில் அதுதான் நீளமானது.

அடுத்த சனிக்கிழமை.
அதே சுரங்கம், அதே முதல் வளைவு.
மிதித்தேன்.
ஸ்டீயரிங் சும்மா இருந்தது.
பின்னால் யாரோ குறட்டை விட்டார்கள்.
கொஞ்ச தூரம் நேராகப் போகும் இடத்தில்
இடது கையை எடுத்து
கண்ணாடிக்கு எதிரே, வெளிச்சத்தில், நீட்டிப் பிடித்தேன்.
சைக்காலும் குனிந்து பார்த்தாள்.

"கொஞ்சம்" என்றாள்.
"கொஞ்சம்தான்" என்றேன்.

இறக்கம் செங்குத்தானது.
இரண்டாவது கியருக்கு மாற்ற வேண்டும்,
கை அங்கே தேவைப்பட்டது.