விடுப்புக் காரணங்கள்

‘குடும்பத்தோடு வரவும்’ என்று
அழைப்பில் ஒரு வரி சேர்த்தேன், அவ்வளவுதான்.
முப்பத்தொரு பேர்
ஒரே ராத்திரியில் எண்பத்தேழு.

கடற்கரை ஹோட்டல் அத்தோடு போயிற்று.
பிறையில், சாய் லெங் பார்க்கில், ஒரு பூப்பந்து மண்டபம்.
வாடகை நானூறு, மின்விசிறி மட்டும்,
மேடைக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் கழிப்பறை
(சாவி யாரிடம் என்று மூன்று நாளாய்க் கேட்கிறேன்).

நோர்ஹஸ்லிண்டா சொன்னாள், சட்டி தனி, கரண்டி தனி.
தவமணி அண்ணன் சனிக்கிழமை கவிச்சி தொடமாட்டார்.
பெங் ஹூய் கேட்டான், பீர்?
பிள்ளைகள் வருகிறார்கள் என்றேன்.
கார் பின்பெட்டியில் இருந்தால் நான் பார்க்கமாட்டேன்
என்றும் சொன்னேன்.
காற்றடித்த கோட்டைக்கு முந்நூற்றெண்பது வெள்ளி,
தலைக்கு ஐம்பது வசூல்,
லோரிக்காரர்களுக்கு இருபது போதும் என்று
யாரும் சொல்லாமலே எழுதிக்கொண்டேன்.

மிஸ்டர் இராயப்பனுக்கு மட்டும் எதுவும் தெரியக்கூடாது.
திங்கட்கிழமை காலை
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:
“கேக்கில் முட்டை உண்டா?”

மேடையில் காட்டப் படம் வேண்டும் என்று
இரும்பு அலமாரியைத் திறந்தேன்.
இருபத்தாறு வருஷத்தில்
அவர் நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை.
எல்லாவற்றையும் எடுத்தவர் அவர்.
இருந்ததெல்லாம் எங்கள் விடுப்புப் பாரங்கள்.
இரண்டாவது மகனுக்கு அம்மை.
மகளுக்கு முதலாம் ஆண்டு, பள்ளியில் முதல் நாள்.
மாமியாருக்குக் கண் அறுவை.
மனைவிக்கு வலி கண்டுவி
(இது பென்சிலில், பாதியில் நிற்கிறது).
ஒவ்வொன்றின் அடியிலும்
அந்தக் கோழிக் கிறுக்கல் கையெழுத்து.

என்னுடையதும் ஒன்று.
மகளுக்குக் காது வலி.
அன்று நான் பாயான் லெப்பாஸில்
வேறொரு கம்பெனியின் நாற்காலி நுனியில் உட்கார்ந்து
எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறேன் என்று
சொல்லிக்கொண்டிருந்தேன்.
அலமாரியைப் பூட்டினேன். இந்தச் சாவி என்னிடம் இருந்தது.

சனிக்கிழமை நான்கு மணிக்கே மழை.
தகரக் கூரை யாரையும் பேசவிடவில்லை.
உரைகள் ரத்து. யாரும் வருந்தவில்லை.
தெரியாதவர்போல் நடித்துக்கொண்டே வந்தவர்
வாசலிலேயே நின்றுவிட்டார்,
கொள்கலன்களை யார்டுக்குள் விடுகிற மாதிரி
பிள்ளைகளை ஒவ்வொன்றாய் உள்ளே விட்டார்.
“நீதானே அம்மை?”
பெங் ஹூயின் நெட்டைப் பையனிடம், மலாயில்:
“டெங்கி. ஏழு நாள். உங்கப்பா அஞ்சுதான் எழுதினார்.”
நோர்ஹஸ்லிண்டாவின் மகளிடம்,
“முதல் நாள் அழுதியா?”
அவள் இப்போது கல்லூரியில்.
பென்சில் வலியின் பிள்ளை
சப்பாத்தைக் கழற்றாமல்
கோட்டைக்குள் குதித்துக்கொண்டிருந்தது.

என் மகளைப் பின்பக்கமாய்க் கூட்டி வந்திருக்கலாம்.
அந்தக் கழிப்பறையை ஒட்டி ஒரு கதவு உண்டு.

“காது எப்படி இருக்கு?”
“எந்தக் காது, அங்கிள்?”

நான் பீஹூன் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவர் சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்தார்,
இன்றைக்கும் வைத்திருக்கிறார்,
அவள் தலையை ஒருபக்கம் சாய்த்து அடித்துப் பார்த்தார்,
பிறகு மறுபக்கம்.
“ரெண்டு சீலும் உடையலே,” என்றார், என்னைப் பார்க்காமல்.
“உள்ளே போ. சாப்பாடு ஆறிடும்.”