கோடும் பெட்டிக்குள்தான்

ஜூன் மாதம், சனி, காலை எட்டரை.
டூன்காபி மைதானத்தில் புல் முழுக்கப் பனி.
சுண்ணாம்புக் கோடு எது, பனி எது என்று
குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது.

கிழமை நாட்களில் நான் பல் வைத்தியரிடம் வரவேற்பாளர்.
"கொஞ்சம் இருங்கோ, கூப்பிடுவினம்" என்பது என் தொழில்.
சனிக்கிழமையில் மஞ்சள் சட்டை, கழுத்தில் விசில்,
பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர்.
ஆட்டத்துக்கு நாற்பது டொலர்.
பெற்றோரின் வசையும் அதில் அடக்கம்.

கோல் கிக்.
பந்தை வைக்கிறான் ஹார்வி.
கையுறை அண்ணனுடையது,
ஒவ்வொரு விரல் நுனியிலும் அரை அங்குலம் வெறுமை.
ஓடி வந்து உதைக்கிறான். பந்தை முந்திக்கொண்டு மண் பறக்கிறது.
பந்து நாலு அடி உருண்டு களைத்து நிற்க
சலோட்டே பாய்ந்து வந்து வலைக்குள் தள்ளுகிறாள்.

ஒரு கரையில் கைதட்டல். மறு கரையில்
"பெட்டியை விட்டு வரவே இல்லையே பந்து!"
அது பழைய சட்டம், ஐயா.
இப்போது உதைபட்ட பந்து அசைவது கண்ணுக்குத் தெரிந்தால் போதும்,
ஆட்டம் தொடங்கிவிட்டது.
சமையலறை மேசையில், சோறு வேகும் நேரத்தில்
இதையெல்லாம் படித்துத்தான் பரீட்சை எழுதினேன்.
எதிரணி பெட்டிக்கு வெளியே நிற்க வேண்டும்.
ஆனால், வெளியேற நேரம் கிடைக்காமல்
யாராவது உள்ளே அகப்பட்டிருந்தால்
ஆட்டத்தை நிறுத்தாதே.
அந்த ஒரு வரியை மட்டும்
இரண்டு தரம் வாசித்தேன்.
சோறு குழைந்துபோனது.

சலோட்டேக்கு நேரம் இருந்தது.
ஹார்வி சப்பாத்து நாடா கட்டி முடிக்கும்வரை
ஒரே இடத்தில் நின்று குதித்துக்கொண்டிருந்தாள்,
பந்து அசையுமுன் புறப்பட்டதும் அங்கிருந்துதான்.
கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?
உள்ளே என்று கண்டேன்.
கண்டேனா,
அந்தக் கையுறையைப் பார்த்துவிட்டுக்
காண விரும்பினேனா?

நடந்து போய்ப் பார்த்தேன்.
பனியில் ஒரு தட்டளவுக்கு மிதிபட்ட பச்சை.
கோட்டின் மேல் பாதி, உள்ளே பாதி.
கோடும் பெட்டிக்குத்தான் சொந்தம்.
மறுபடி உதை, என்றேன்.

சலோட்டேயின் பயிற்சியாளர் டாரன்
தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தார்.
தேர்மோஸ் மூடியில் தேநீரோடு யதுநந்தன், யாரோ ஒரு பிள்ளையின் அப்பா,
தமிழிலேயே கேட்டார்:
"தங்கச்சி, கண் தெரியுதோ?"
தமிழ் தெரியாதவள்போல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

ஹார்வி மறுபடி வைத்தான். மறுபடி மண். மறுபடி நாலு அடி.
இந்தத் தரம் சலோட்டே கோட்டுக்கு ஒரு முழம் வெளியே நின்றாள்.
பந்து அசைந்த பிறகே புறப்பட்டாள்.
நான் தேடினேன். உண்மையைச் சொல்கிறேன்,
குற்றம் ஏதாவது கிடைக்காதா என்று தேடினேன்.
கிடைக்கவில்லை.
என் கை நடுவட்டத்தைக் காட்டியது.

"மிஸ், பந்து வெளியே போகவே இல்லையே?"
போகத் தேவையில்லை, ஹார்வி.
"அப்ப, பக்கத்தில நிக்கிறவனுக்குக் குடுக்கலாமா,
பெட்டிக்குள்ளேயே?"
கொடுக்கலாம்.
"இதை யாரும் சொல்லவே இல்லையே" என்றான்,
சொல்லாமல் விட்டது நான்தான் என்பதுபோல.

அடுத்த கோல் கிக்.
சலோட்டே கோட்டருகே பெருவிரலைப் பின்னுக்கு இழுத்து
என்னைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள்,
மறுபடி என்னைப் பார்த்தாள்.
ஹார்வி பக்கத்துப் பையனிடம் பந்தைத் தள்ளினான்,
கதவிடுக்கில் கடிதம் தள்ளுவதுபோல்.

ஒன்பதுக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது.
புல்லில் பனி இல்லை.
இனி, யார் எங்கே நின்றார்கள் என்பதற்கு
என் சொல் மட்டும்தான் சாட்சி.